நானூறு பேர் இருக்கும் ஊருக்கு மாலைப் பஸ் வேண்டாமா?

கரிசல்மண்

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை; சொன்னாலும் பலருக்குத் தெரியாது. 2011 கணக்கெடுப்பில் நானூறு பேருக்குச் சற்று அதிகம். மெயின் ரோட்டில் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கிலிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர். தார்ச்சாலை இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

நான் பள்ளியில் படித்த காலத்தில் காலை, மதியம், மாலை என்று டவுன் பஸ் ஊருக்குள் வந்து திரும்பியது. கடைசி வண்டி இரவு ஊரிலேயே தங்கி, விடிந்ததும் கிளம்பும். முதலில் இரவுத் தங்கலை நிறுத்தினார்கள். பிறகு மதிய நடை போனது. கொரோனா ஊரடங்கில் நின்ற மாலை நடை திரும்ப வரவே இல்லை. இப்போது காலை ஒன்பதரைக்கு ஒரே ஒரு வண்டி. பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அந்த நேரத்தால் எந்தப் பயனும் இல்லை.

மனு கொடுத்தோம். "மக்கள்தொகை குறைவு, பயணிகள் எண்ணிக்கை போதவில்லை" என்று பதில் வந்தது. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஆள் குறைந்தது பஸ் குறைந்த பிறகுதான். மாலையில் திரும்ப வண்டி இல்லை என்பதாலேயே கோவில்பட்டியில் வாடகைக்கு வீடு பிடித்துப் போன குடும்பங்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். அந்த வீடுகளில் எல்லாம் பூட்டுத் தொங்குகிறது. பஸ்ஸை நிறுத்தியதால் ஆள் போனது. ஆள் போனதைக் காட்டி அடுத்த நடையையும் நிறுத்துகிறார்கள். இதை அதிகாரிகள் ஏற்கும்படி எழுத்தில் எப்படி நிறுவுவது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

பழைய நடத்துநர்

தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் டவுன் பஸ்ஸில் பை மாட்டியவன் நான். எந்த நடையை வெட்டுவது என்று உள்ளே எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன், மனுவுக்கு உதவும்.

அங்கே ஊரின் மக்கள்தொகைப் புத்தகத்தை யாரும் விரித்து வைத்துப் பார்ப்பதில்லை. கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்பதுதான் பார்வை. மாலை நடையில் நகரத்திலிருந்து ஊருக்கு வண்டி நிறைந்து வரும், திரும்பும்போது வெறும் வண்டியாகப் போகும். காலையில் அப்படியே தலைகீழ். ஆக, உங்கள் ஊருக்கு மிகவும் தேவையான இரண்டு நடைகளும் கணக்கில் பாதி காலியாகத் தெரியும். இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் இரவுத் தங்கல் வண்டி இருந்தது. இரவு நிறைந்து வந்து, காலையில் நிறைந்து போகும். வெறும் ஓட்டமே கிடையாது.

அதை ஏன் நிறுத்தினார்கள் என்று ஊர்க்காரர்கள் கோபப்படுவார்கள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். தங்கும் இடம் என்று பல ஊர்களில் ஒன்றுமே கிடையாது. கோயில் திண்ணையிலோ பஸ்ஸின் இருக்கையிலோ படுத்துக்கொள்வோம். கழிப்பறை இல்லை. மழைக்காலத்தில் கொசு. காலை ஐந்தரைக்கு எழுந்து வண்டியை எடுக்க வேண்டும். ஓட்டுநர் தூங்காமல் ஓட்டுவது எவ்வளவு ஆபத்து! ஊர் ஒரு அறையும் கழிப்பறையும் தண்ணீரும் ஏற்பாடு செய்து, அதை மனுவிலேயே எழுதினால், தங்கல் வண்டி கேட்பதற்குப் பலம் கூடும்.

அடுத்தது இதைவிட முக்கியம். உங்கள் ஊர்க்காரர்கள் இப்போது விலக்குக்கு நடந்து போய்த்தானே வண்டி ஏறுகிறார்கள்? நடத்துநர் கருவியில் அடிக்கும் டிக்கெட்டில் ஏறும் இடமாக விலக்குதான் பதிவாகும். உங்கள் ஊருக்கான தேவை முழுவதும் விலக்கின் பெயரில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊருக்குள் வரும் ஒன்பதரை வண்டியில் எண்ணினால் நான்கு பேர்தான் தெரிவார்கள். அந்த நான்கைத்தான் உங்கள் மனுவுக்குப் பதிலாக எழுதியிருப்பார்கள்.

---

கரிசல்மண்

ஐயா, விலக்கு விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அறை ஏற்பாடு செய்வது சிரமமே இல்லை. பழைய சத்துணவுக் கூடம் ஒன்று சும்மா கிடக்கிறது. அங்கே மின்சாரமும் இருக்கிறது.

---

இரண்டு சக்கரம்

இதைச் சொன்னால் திட்டுவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். நானும் சிறிய ஊர்க்காரன்தான். இன்று எந்த வீட்டில் பைக் இல்லை? பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நகரத்துக்குப் போய்த் திரும்பிவிடலாம். ஒரு பஸ்ஸை இருபது கிலோமீட்டர் காலியாக ஓட்டி எரிக்கும் டீசல் யார் பணம்? மக்கள் விலகிப் போன ஒரு சேவையைத் திரும்பக் கேட்பதைவிட, அந்தப் பணத்தில் சாலையையும் தெருவிளக்கையும் சரிசெய்யக் கேட்கலாமே. என் ஊரில் பஸ் நின்று பல வருடம் ஆகிறது, யாரும் அழவில்லை.

---

செவந்தி

யாரும் அழவில்லை என்று எப்படித் தெரியும் சகோதரரே? வீட்டில் பைக் இருக்கிறது, சரி. காலை ஏழு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு போவது யார்? வீட்டு ஆண் வேலைக்கு எடுத்துப் போன பிறகு, அந்த வீட்டில் மிச்சம் இருக்கும் மாமியாருக்கும் மருமகளுக்கும் பிள்ளைக்கும் வண்டி எது? சர்க்கரை மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டிய பாட்டி, மகனுக்கு விடுமுறை கிடைக்கும் நாள் வரை மாத்திரை இல்லாமல் இருக்கிறாள். என் மாமியாருக்கு நடந்ததையே சொல்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் எட்டாம் வகுப்பு வரை பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் படித்துவிடலாம். ஒன்பதாம் வகுப்புக்கு நகரத்துக்குப் போக வேண்டும். அரசு கொடுக்கும் இலவச மிதிவண்டி பதினோராம் வகுப்பில்தான் கைக்கு வரும். ஒன்பது, பத்து ஆகிய அந்த இரண்டு வருடத்தில்தான் பெண் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள். சிறப்பு வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு விலக்கில் இறங்கி, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் அடர்ந்த ரோட்டில் தனியாக நடந்து வரும் பதினான்கு வயதுப் பெண்ணை எந்தத் தாய் அனுப்புவாள்? "படிச்சது போதும்" என்று ஒரு நாள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண் அடுத்த மாதம் மில் வேனில் ஏறுவாள்.

அந்த வேனையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி ஆலை, பட்டாசு ஆலை, நூற்பாலை வேன்கள் விடியற்காலையிலேயே ஊருக்குள் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகின்றன. அதன் பிறகு வரும் பஸ்ஸில் ஆள் இல்லைதான். பஸ் சரியான நேரத்துக்கு வந்தால், எந்த ஆலையில் என்ன கூலி என்று விசாரித்து, பிடித்த இடத்துக்குப் போவார்கள். இப்போது வேன் எந்த ஆலைக்குப் போகிறதோ அங்கேதான் வேலை, அவர்கள் சொன்னதுதான் கூலி.

---

இரண்டு சக்கரம்

அக்கா, பெண் பிள்ளைகள் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அதற்குப் பள்ளி நேரத்துக்கு ஒரு வேன் போதுமே, அறுபது பேர் உட்காரும் பஸ் எதற்கு என்பதே என் கேள்வி.

---

கணக்கெடுத்த ஆசிரியர்

மக்கள்தொகை என்ற சொல் மனுவின் பதிலில் வந்திருப்பதால் நான் உள்ளே வருகிறேன். 2011இல் கணக்கெடுப்பாளராக வேலை செய்தேன். பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போனோம். மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவுதான் கணக்கின் நேரம். அந்த இருபது நாளும் முழுவதுமாக வெளியூரில் இருந்தவரை ஊர்க் கணக்கில் எழுதக் கூடாது. அவர் இருக்கும் இடத்தில்தான் எழுதுவார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வருகிறவர்கள் ஊர்க் கணக்கில் இல்லை. ரேஷன் அட்டையும் ஓட்டும் ஊரில் இருக்கும், தலை மட்டும் திருப்பூரில் எண்ணப்பட்டிருக்கும். ஆகவே அந்த நானூறு என்பது அந்த மாதம் ஊரில் தங்கியிருந்தவர்களின் எண்ணிக்கை.

இன்னொன்று. கணக்கெடுப்பில் 'கிராமம்' என்பது வருவாய்க் கிராமம். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் தாய்க்கிராமம், நான்கைந்து குக்கிராமங்கள், காலனி எல்லாம் அடங்கும். அச்சில் வருவது மொத்த எண் ஒன்றுதான். தாய்க்கிராமத்துக்குப் பஸ் வந்தால் அத்தனைக்கும் பஸ் வந்ததாக ஆகிவிடும். காலனி பெரும்பாலும் தள்ளித்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை; பஸ் நிற்கும் இடமும் பல ஊர்களில் காலனிக்கு முன்பே முடிந்துவிடும். இதை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் வசதிகளின் பட்டியல் உண்டு. பஸ் வசதி இருக்கிறதா என்றால் 'ஆம்' அல்லது 'இல்லை'. ஒரு நாளைக்கு ஒரே ஒரு நடை வந்தாலும் 'ஆம்'தான். 'இல்லை' என்றால் எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்று மூன்று படிகள்: 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, பத்துக்கு மேல். முந்நூறு மீட்டரும் நான்கு கிலோமீட்டரும் ஒரே படியில் விழும். கரிசல்மண், உங்கள் ஊர் இந்தப் பட்டியலில் 'ஆம்' என்றுதான் இருக்கும். அந்த 'ஆம்' ஒன்பதரை மணி வண்டி என்று கையேட்டைப் படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

வேலைக்குப் போகும் தூரமும், எதில் போகிறார்கள் என்பதும் 2011 படிவத்தில் கேட்கப்பட்டது. ஆனால் விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்பவர் ஆகியோரைத் தவிர்த்த மற்ற தொழிலாளர்களிடம் மட்டும்தான். நம் ஊர்களில் அதிகாலையில் எழுந்து நடக்கும் பெரும் கூட்டம் அந்தக் கேள்விக்குள்ளேயே வரவில்லை.

2021இல் வர வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போனது. அடுத்த கணக்கின் நேரம் 2027 மார்ச் 1 என்று 2025 ஜூனில் அறிவித்திருக்கிறார்கள். அதுவரை எல்லா அலுவலகங்களிலும் 2011 எண்தான் ஓடும்.

---

போதமலை அடிவாரம்

உங்கள் பேச்சைப் படித்தேன். சமவெளியில் சாலை இருந்து பஸ் இல்லை. எங்கள் பக்கம் சாலைக்கே தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தார்கள். ராசிபுரம் வட்டம் போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை என்று ஊர்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாக மலைமேல் கொண்டுபோவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஓட்டுப் பெட்டி ஏறும் பாதையில் ஆம்புலன்ஸ் ஏறாது. கர்ப்பிணியை டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். 108 அடிவாரத்தில் காத்து நிற்கும். சாலைப் பணி இப்போதுதான், இந்தச் சில வருடங்களில்தான், நடக்கத் தொடங்கியது.

தடை எங்கே என்று பலருக்குத் தெரியாது. வன உரிமைச் சட்டம் 2006இல் பிரிவு 3(2) ஒன்று உண்டு. சாலை, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்குக் கிராம சபை பரிந்துரைத்தால் வன நிலம் தரலாம். ஆனால் ஒரு பணிக்கு ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல். நான்கு மீட்டர் அகலச் சாலை என்றால் ஒரு ஹெக்டேர் இரண்டரை கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். மலை ஊர்களுக்கு அது எந்த மூலைக்கு? மீதிக்கு 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்க வேண்டும். கோப்பு நடக்கும் வேகம் உங்களுக்கே தெரியும்.

வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் இறந்தது. பாதை இல்லாததால் உடலைத் தாய் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகும் கேட்கிறவர்கள் இருந்தால் அவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

---

கணக்கெடுத்த ஆசிரியர்

போதமலை நண்பருக்கு ஒரு கூடுதல் தகவல். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25இல் தொடங்கியது. அதில் தலைக்கணக்கு நேரடியாக விதியானது: சமவெளியில் 500 பேர், மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் இருந்தால் சாலை. அப்போது அடிப்படை 2001 கணக்கு. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்துக்கு 2011 கணக்கு. பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணவும் விதியில் இடம் இருந்தது. சமவெளியில் 500 மீட்டர் சுற்றளவுக்குள், மலையில் பாதைத் தூரம் ஒன்றரை கிலோமீட்டருக்குள். மலையில் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் என்பதால் இந்த ஒன்றரை கிலோமீட்டர் மிகவும் உதவியது. 240 பேர் இருப்பதாகக் காட்டி ஒதுக்கிய ஊருக்குப் பக்கத்தில் முப்பது பேர் இருக்கும் இன்னொரு குடியிருப்பு இருந்தால் சேர்த்துக் கேட்கலாம்.

கரிசல்மண், இந்த 500 என்பது புதிய சாலை போடுவதற்கான வரம்பு. பஸ் நடைக்கான வரம்பு அல்ல. உங்களுக்கு வந்த பதிலில் மக்கள்தொகையைக் காரணமாக எழுதியிருந்தால், எந்த அரசாணையின்படி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

---

தாமிரபரணிக்கரை

ஸ்ரீவைகுண்டம் பக்கம் மீனாட்சிபுரம் என்ற ஊரைப் பற்றி 2024இல் பத்திரிகைகளில் வந்தது. குடிதண்ணீர்ப் பஞ்சத்தில் ஒவ்வொரு குடும்பமாக வெளியேறி, கடைசியில் ஒரே ஒரு முதியவர் மட்டும் பல வருடம் தங்கியிருந்தார். அவரும் அந்த வருடம் இறந்தார். ஊர் காலியாகிவிட்டது. தண்ணீர்தான் முதல் காரணம். பஸ் வசதி இல்லாததும் சேர்ந்துகொண்டது. கோயில் கொடைக்கு மட்டும் எல்லோரும் வருகிறார்கள். கரிசல்மண் சொல்வது மிகையில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். நானூறு பேர் இருக்கும்போதே கேளுங்கள். நாற்பது ஆன பிறகு கேட்க ஆள் இருக்காது.

---

மினி பஸ் முதலாளி

நான் இரண்டு மினி பஸ் ஓட்டுகிறேன். 'வேன் போதுமே' என்று ஒருவர் கேட்டதால் சொல்கிறேன்.

1997இல் மினி பஸ் திட்டம் வந்தபோது மொத்தப் பாதை 20 கிலோமீட்டர். அதில் 16 பஸ் ஓடாத பகுதியாகவும், ஏற்கெனவே பஸ் ஓடும் சாலை 4 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். இந்த நான்கு கிலோமீட்டர் விதி எங்களைக் கொன்றது. நகரத்துப் பஸ் நிலையம் வரை போக முடியாமல் வழியிலேயே ஜனங்களை இறக்கிவிட வேண்டியிருந்தது. பாதி வழியில் இறங்கி வேறு பஸ் மாறுவதற்கு யார் ஏறுவார்கள்? பலர் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்ததும் இதனால்தான். புதிய விரிவான திட்டம் 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கியது. இப்போது பாதை 25 கிலோமீட்டர் வரை. குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத பகுதியாக இருந்தால் போதும். அதாவது எட்டே முக்கால் கிலோமீட்டர் மெயின் ரோட்டில் போகலாம்.

ஆனால் தம்பி, உங்கள் ஊர் மட்டும் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. விலக்கிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான் உள்பாதை, மீதி எல்லாம் பஸ் ஓடும் ரோடு. உங்கள் ஊரைத் தாண்டிப் பக்கத்து ஊர்களுக்குக் காட்டு வழியாகச் சாலை போகிறதா? நான்கைந்து ஊரை மாலையாகக் கோத்துக் கேட்டால்தான் 65 வரும். காலை ஒரு நடை டவுன் பஸ் வருவதால் அந்த மூன்று கிலோமீட்டரை எப்படி எழுதுவார்கள் என்பதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

---

செவந்தி

மினி பஸ்ஸில் பெண்களுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் அல்லவா? 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் நாங்கள் கட்டணமில்லாமல் போகிறோம். அது வெறும் காசு மிச்சம் அல்ல. கணவரிடமோ மகனிடமோ கை நீட்டாமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடிகிறது. ஊருக்கு வரும் அரசு பஸ்ஸை விட்டுக்கொடுத்து மினி பஸ் வாங்கிக்கொண்டால், அந்த உரிமை எங்கள் ஊர் எல்லையிலேயே நின்றுவிடும். நான் இதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

---

மினி பஸ் முதலாளி

அம்மா, உங்கள் வாதம் சரி. ஆனால் வராத இலவச பஸ்ஸைவிட, வரும் காசு பஸ் மேல் என்று எங்கள் பாதையில் ஏறும் பெண்களே சொல்கிறார்கள். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதைவிட இது குறைவுதானே.

---

பழைய நடத்துநர்

இரண்டையும் போட்டிக்கு நிறுத்த வேண்டாம். அரசு பஸ்ஸில் மாலை நடையும் தங்கலும் கேளுங்கள். பகல் நேரத்துக்குப் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து மினி பஸ் கேளுங்கள்.

செவந்தி அம்மா சொன்ன கட்டணமில்லா டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஒவ்வொருவரும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். "காசு இல்லைதானே, சீட்டு எதற்கு" என்று வாங்காமல் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சீட்டுதான் நீங்கள் பயணம் செய்ததற்கு ஒரே சாட்சி. அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு கொடுப்பதும் அதை வைத்துத்தான்.

விலக்கு எண்ணிக்கையை நீங்களே எடுங்கள். ஒரு வாரம், காலையும் மாலையும், விலக்கில் ஏறி இறங்கும் உங்கள் ஊர்க்காரர்களை வயது, போகும் இடம், நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆலை வேனில் போகிறவர்களுக்கு ஒரு தனிப் பக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு ஒரு பக்கம்.

---

கரிசல்மண்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று ஊரில் பேசினோம். எண்ணிக்கை எடுக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள். காலனியிலிருந்து இரண்டு பெண்கள் வருகிறார்கள். அவர்கள் விலக்குக்கு நடக்கும் தூரம் எங்களைவிட முக்கால் கிலோமீட்டர் அதிகம், அதையும் தனியாக எழுதப் போகிறோம். ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்து இப்போது தனி அலுவலர்தான் என்பதால், அடுத்த கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி அதையே மனுவோடு இணைக்கலாம் என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார். சத்துணவுக் கூடத்துக்குக் கதவும் கழிப்பறையும் போட ஊர் வரிப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்குவதாகப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

முதலாளி ஐயா, எங்கள் ஊரைத் தாண்டி மூன்று ஊர்கள் இருக்கின்றன. இடையில் ஓடையின் மேல் தரைப்பாலம் ஒன்று உடைந்து கிடக்கிறது. டிராக்டர் போகும், பஸ் போகாது.

---

மினி பஸ் முதலாளி

தரைப்பாலத்தைச் சரிசெய்யக் கேட்பதை அதே தீர்மானத்தில் முதல் வரியாக வையுங்கள். பாலம் இல்லாமல் பாதை ஆய்வுக்கு வருகிறவர்கள் அங்கேயே திரும்பிவிடுவார்கள். உங்கள் நான்கு ஊரின் பெயரையும் ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், 65 வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.